சியாமீஸ் குட்டிகளுக்கு 12 வாரம்



வீட்டில் சியாமீஸ் பூனை குட்டி போட்டால் அந்தச் செய்தி மதிலைத் தாண்டுவதற்கு ஒரு நாள் போதும். மாமி வருவார், சாச்சி வருவார், பக்கத்து வீட்டு ராத்தா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவார். கண்கூடத் திறக்காத குட்டிகளைப் பார்த்து, "இது எனக்கு, அது என்ட மகளுக்கு" என்று பங்கும் வைத்துவிடுவார்கள். ஒரு மாதம் ஆனதும் குட்டிகள் ஒவ்வொன்றாகப் பெட்டியில் ஏறிப் புறப்பட்டுவிடும். சில நாட்களில், "குட்டி சாப்பிடுதில்ல", "வயிற்றால போகுது" என்று செய்தி வரும். அதற்கடுத்த செய்தியை நான் எழுதத் தேவையில்லை.

இந்த மாதம் உங்களிடம் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றுதான். குட்டிகள் 12 வாரம் ஆகும்வரை தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்கட்டும். கேட்பவர் யாராக இருந்தாலும் அதற்கு முன் கொடுக்க வேண்டாம். ஏன் என்பதையும், அந்த 12 வாரமும் நாம் செய்ய வேண்டியவை என்ன என்பதையும் பார்ப்போம்.

எங்கிருந்து வந்த பூனை?

சியாமீஸ் என்றால் சியாம் நாட்டுப் பூனை. 1939இல்தான் சியாம் என்ற பெயர் தாய்லாந்து என மாறியது. அந்நாட்டின் பழைய ஏடுகளிலேயே இந்தப் பூனையின் படமும் வர்ணனையும் உண்டு. 1884இல் பாங்கொக்கில் பிரித்தானியத் தூதரக அதிகாரியாக இருந்த எட்வர்ட் பிளென்கோ கூல்ட் என்பவர், ஒரு சோடிப் பூனைகளை இங்கிலாந்திலிருந்த தம் சகோதரிக்குக் கொடுத்தார். அவை ஈன்ற மூன்று குட்டிகள் 1885இல் லண்டன் கிறிஸ்டல் பேலஸ் பூனைக் காட்சியில் வைக்கப்பட்டன. பார்த்தவர்கள் வியந்து போனார்கள். ஆனால், காட்சி முடிந்து அதிக காலம் செல்லுமுன் மூன்று குட்டிகளும் இறந்துவிட்டன.

அன்று பூனைகளுக்குத் தடுப்பூசி கிடையாது. இன்று தடுப்பூசி இருக்கிறது, மிருக வைத்தியர் இருக்கிறார். நம்மிடம் குறைவது பொறுமைதான்.

முதல் வாரம்

பூனையின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 9 வாரம். குட்டி போடுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலையில் காட்போட் பெட்டி ஒன்றை வைத்து, பழைய பருத்திச் சாரம் ஒன்றைத் துவைத்துக் காயவைத்து விரித்துவிடுங்கள். எறும்பு வராத இடமாக இருக்கட்டும். எறும்புக்காக மருந்து அடிக்க வேண்டாம்.

பிறந்த குட்டிக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. முதல் வாரத்தில் அது படுத்திருக்கும் இடம் 30 பாகை செல்சியஸ் அளவில் இருப்பது நல்லது. காத்தான்குடியிலோ புத்தளத்திலோ இருப்பவர்கள் மின்விசிறிக் காற்று நேரே படாமல் பார்த்துக்கொண்டால் போதும். பண்டாரவளை, நுவரெலியா போன்ற குளிர் ஊர்களில் இருப்பவர்கள் சுடுநீர்ப் போத்தல் ஒன்றைத் துவாயில் நன்றாகச் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும்.

முதல் நாள் தாயிடம் சுரக்கும் சீம்பாலில்தான் நோயைத் தடுக்கும் சக்தி இருக்கிறது. ஒவ்வொரு குட்டியும் அன்றே பால் குடித்ததா என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

கேக் தராசு ஒன்று போதும்

கேக் செய்யும்போது பட்டரும் சீனியும் நிறுக்கிறோமே, அதுபோன்ற தராசு ஒன்றைக் குட்டிகளுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு நாளும் சுபஹ் தொழுகைக்குப் பிறகு ஒவ்வொரு குட்டியையும் ஒரு கோப்பையில் வைத்து நிறுத்து, கொப்பியில் எழுதுங்கள். பிறக்கும்போது பெரும்பாலும் 100 கிராம் அளவில் இருக்கும். நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை கூடவேண்டும். இரண்டு வாரத்தில் பிறந்த நிறை இரட்டிப்பாகிவிடும். ஒரு நாள் முழுவதும் நிறை கூடவில்லை என்றால் கூர்ந்து கவனியுங்கள். குறைந்தால் அன்றே வைத்தியரிடம் போகவேண்டும்.

இது எதற்கு என்று கேட்பீர்கள். சியாமீஸ் பூனை மற்ற இனங்களை விடக் கூடுதலான குட்டிகள் போடுவது வழக்கம். ஐந்தாறு குட்டிகளுக்குள் பலவீனமான ஒன்று ஓரத்துக்குத் தள்ளப்பட்டால் நம் கண்ணுக்குத் தெரியாது. அது சத்தம் போட்டு அழாது. சோர்ந்து படுத்திருக்கும், நாம் தூங்குகிறது என்று எண்ணிக்கொள்வோம். தராசு நம்மை ஏமாற்றாது.

பசுப்பால் வேண்டாம்

தாய்க்குப் பால் போதாவிட்டால் நம் கை நேரே பால்மாப் பேணிக்குத்தான் போகும். வேண்டாம் சகோதரிகளே. பசுப்பாலும் பால்மாவும் டின்பாலும் பூனைக்குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது. வயிற்றால் போய், உடல் நீர் வற்றிவிடும். பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கப்படும் பால் மாவை வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். முதல் வாரத்தில் இரவு பகலாக இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். குழந்தையைப் போல மல்லாக்கப் பிடித்துப் பால் ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குட்டி தாயிடம் குடிப்பதுபோல் குப்புறப் படுத்து, தலையைச் சற்று உயர்த்தியே குடிக்க வேண்டும்.

தாய் இல்லாத குட்டியாயின் இன்னொரு வேலையும் உண்டு. மூன்று வாரம் வரை அதற்குத் தானாக மலசலம் கழிக்கத் தெரியாது. ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சால் அவ்விடத்தை மெல்லத் தடவிவிட வேண்டும். தாய்ப்பூனை நாவால் நக்கிச் செய்வது இதைத்தான்.

வெள்ளையாகப் பிறந்ததே!

சியாமீஸ் குட்டிகள் முழு வெள்ளையாகவே பிறக்கும். மூக்கும் காதும் எப்போது கறுக்கும் என்று அவசரப்பட வேண்டாம். இந்த இனத்தில் ரோமத்துக்கு நிறம் கொடுக்கும் பொருள் குளிர்ந்த இடத்தில்தான் உருவாகும். தாயின் வயிறு சூடானது, ஆகவே நிறம் இல்லை. வெளியே வந்த பிறகு, உடம்பில் சூடு குறைந்த பகுதிகளான காது, மூக்கு, கால், வால் ஆகியவை சிறிது சிறிதாகக் கறுத்து வரும். முதலில் காது ஓரத்தில் சாம்பல் நிறம் தெரியும். ஒரு மாதத்தில் முகம் விளங்கும். முழு நிறம் வர ஒரு வருடம்கூட ஆகலாம். உடல் சூட்டைப் பொறுத்த விடயம் என்பதால் வெப்பமான ஊர்களில் இவற்றின் உடல் வெளிறியும், குளிரான ஊர்களில் சற்றுக் கறுத்தும் இருக்கும்.

பிறக்கும்போதே கறுப்பாகவோ கோடுகளுடனோ ஒன்று இருந்தால் அதன் தகப்பன் வேறு பூனை. ஒரே பிரசவத்தில் குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன்கள் இருப்பது பூனைகளில் சாதாரணம். அழகு குறைந்தது என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். அதற்கும் அதே பசிதான்.

நான்காம் வாரத்திலிருந்து

நான்கு வாரத்தில் குட்டிகள் தாயின் கோப்பையில் வாய் வைக்கத் தொடங்கும். உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த மீனையோ கோழி இறைச்சியையோ நன்றாகப் பிசைந்து, குட்டிகளுக்கான உணவோடு சேர்த்துக் கொடுக்கலாம். வெறும் மீனும் சோறும் வளரும் குட்டிக்குப் போதாது. கறிச்சட்டியில் மிஞ்சியதைப் போடவே வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் பூனைக்கு நஞ்சு. குட்டிக்குச் சுகமில்லை என்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள், ஒரு வில்லையே பெரிய பூனையையும் கொன்றுவிடும். டெட்டோல் கலந்து கழுவுவதும், நாய்க்குப் பூசும் உண்ணி மருந்தைப் பூசுவதும் ஆபத்து.

இதே காலத்தில் தாழ்வான பேசின் ஒன்றில் மணல் போட்டு வைத்தால் தாயைப் பார்த்துக் குட்டிகளும் பழகிக்கொள்ளும். மணலை நாள்தோறும் சுத்தம் செய்யுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறொருவர் செய்யட்டும். பூனையின் மலத்தில் வரக்கூடிய டொக்ஸோபிளாஸ்மா என்னும் கிருமி வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கலாம். அக்கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது எடுக்கும் என்பதால், அன்றன்றே அகற்றினால் ஆபத்து குறையும்.

பூனை வாய் வைத்த தண்ணீரைப் பற்றிச் சிலருக்கு மனக்குழப்பம் உண்டு. அபூ கதாதா (ரழி) அவர்கள் வுழூவுக்கு வைத்த தண்ணீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்ததையும், பூனை அசுத்தமானதல்ல என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அவர் சொன்னதையும் அவருடைய மருமகள் கப்ஷா அறிவித்த ஹதீஸ் அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் இருக்கிறது. ஆனால், அதன் மலசலம் நஜீஸ்தான். முஸல்லாவையும் தொழும் இடத்தையும் குட்டிகள் எட்டாதபடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் 12 வாரம்?

தாய்ப்பாலில் கிடைத்த நோய்த்தடுப்பு சக்தி வாரங்கள் போகப் போகக் குறைந்துவிடும். முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பமாகி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் வரை தொடரும். நீர்வெறுப்பு நோய்க்கான ஊசி 12 வாரத்தில். ஒரு மாதக் குட்டியைக் கொடுத்தால், தாயின் பாதுகாப்பையும் இழந்து ஊசியின் பாதுகாப்பையும் பெறாமல் அது அந்நிய வீட்டுக்குப் போகிறது. புழு மருந்தும் மூன்று வாரத்திலிருந்தே வைத்தியர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும்.

குட்டி நல்ல பழக்கம் கற்பதும் இந்தக் காலத்தில்தான். கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்தவை திருப்பிக் கடித்துத்தான் கற்றுக் கொடுக்கின்றன. இரண்டு முதல் ஏழு வாரத்துக்குள் மனிதர் கையில் அன்பாகப் பழகிய குட்டி வாழ்நாள் முழுவதும் மனிதரை நம்பும். ஆகவே பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து, கொஞ்ச நேரம் மடியில் வைத்துத் தடவ விடுங்கள். வாலைப் பிடித்துத் தூக்க விடாதீர்கள். நகக்கீறலோ கடியோ பட்டால் உடனே சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் காட்டுங்கள்.

கொடுக்கும்போது

சியாமீஸ் ஓயாமல் பேசும் பூனை. தனிமை அதற்குப் பிடிக்காது. காலையில் பூட்டி மாலையில் திறக்கும் வீட்டுக்கு ஒற்றைக் குட்டியைக் கொடுப்பதைவிட இரண்டாகக் கொடுப்பது நல்லது. கூட்டில் வைத்து அழகு பார்க்கக் கேட்பவருக்குக் கொடுக்கவே வேண்டாம். பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் வேதனை செய்யப்பட்ட செய்தியை புகாரியிலும் முஸ்லிமிலும் நாம் படித்திருக்கிறோம்.

உங்கள் தாய்ப்பூனையையும் மறக்காதீர்கள். குட்டிகள் பால் குடிக்கும்போதே அது மறுபடி கருத்தரிக்கக் கூடும். சியாமீஸ் பெண் குட்டிகள் ஐந்து மாதத்திலேயே பருவமடைந்துவிடும், அண்ணன் தம்பி என்று அவை பார்ப்பதில்லை. கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றி நேரகாலத்தோடு மிருக வைத்தியரிடம் கேளுங்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை குட்டி போட்டால் நல்ல வீடுகளுக்கு எங்கே போவது?

அடுத்த முறை மாமி வந்து, "எப்ப தாறாய்?" என்று கேட்டால், கோபிக்காமல் கொப்பியை எடுத்துக் காட்டுங்கள். பிறந்த திகதி, ஒவ்வொரு நாள் நிறை, ஊசி போட்ட நாள் எல்லாம் அதில் இருக்கும். "12 வாரம் முடியட்டும் மாமி, நானே கொண்டுவந்து தாறேன்" என்று சொல்லுங்கள். உண்மையாகவே ஆசைப்படுபவர் அதுவரை காத்திருப்பார்.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.