சேர்ந்து வாசிக்க ஏழு நாள்

எங்க ஊர்ப் பக்கம் (ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்றேன், நடுவுல பஸ்ஸுல அரை மணி நேரம்தான்) பாட்டு கிளாசுக்கும் வயலின் கிளாசுக்கும் போகிற பிள்ளைகளின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடியும். மூன்றாம் வகுப்பில் சரளி வரிசை. ஏழாம் வகுப்பில் வர்ணம். ஒன்பதில் நாலைந்து கீர்த்தனை. பத்தாம் வகுப்பு வந்ததும் "ஒரு வருஷம் நிறுத்தி வை, பரீட்சை முடியட்டும்". அந்த ஒரு வருஷம் முடிவதே இல்லை. வயலின் பெட்டி பீரோ மேல் ஏறிவிடும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மட்டும் "இவ நல்லா வாசிப்பா" என்று ஒரு பேச்சு வரும், அவ்வளவுதான்.

கேட்டால் எல்லோரும் படிப்புச் சுமை என்பார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். அதே பத்தாம் வகுப்பில் கிரிக்கெட்டை எவனும் விடவில்லையே? ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாலு பேர் வாசலில் வந்து நின்று பெயர் சொல்லிக் கத்துகிறார்கள், இவன் போகிறான். வயலினுக்காக வாசலில் வந்து கத்த யாரும் இல்லை. நாம் சங்கீதத்தை ஒற்றை ஆள் வேலையாகவே சொல்லிக் கொடுக்கிறோம். தனி கிளாஸ், தனி கிரேடு தேர்வு, நவராத்திரி கொலுவில் தனிப் பாட்டு. தனியாகப் படித்ததை நிறுத்தினால் தேடுவதற்கும் ஆள் கிடையாது.

இத்தனைக்கும் இது ஆண்டாள் ஊர்! திருப்பாவை முப்பது பாட்டு. அதில் ஆறாவதிலிருந்து பதினைந்தாவது வரை பத்துப் பாட்டிலும் அந்தப் பெண் செய்வது ஒரே வேலை: தூங்கும் தோழிகளை வீடு வீடாகப் போய் எழுப்புவது. திட்டி, கெஞ்சி, கிண்டல் செய்து எழுப்புகிறாள். தனியாகவே போய் நோன்பு இருந்திருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் எல்லோரும் வந்தால்தான் அவளுக்குத் திருப்தி. இன்றைக்கும் கோயிலில் பிரபந்தம் சொல்பவர்கள் கோஷ்டியாக நின்றுதான் சொல்கிறார்கள். பக்கத்திலேயே மேளம்: ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவில், தாளம், சுருதி. ஜோடி நாதஸ்வரத்தில் ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தை இன்னொருவர் பிடித்துக்கொள்வார், நமக்கு விட்ட இடமே தெரியாது. சேர்ந்து வாசிப்பது நமக்குப் புதுசில்லை. வகுப்பறைக்குள் மட்டும் அது நுழையவில்லை.

"கச்சேரியே நாலு பேர் சேர்ந்து செய்வதுதானே?" என்று ஒரு நண்பன் மடக்கினான். உண்மைதான். ஒத்திகையே இல்லாமல் மேடையில் உட்கார்ந்து மூணு மணி நேரம் பேசிக்கொள்கிற மாதிரி வாசிப்பது சாதாரண வித்தை இல்லை. ஆனால் அது முதல் தரமாகத் தேறியவர்களின் பேச்சு. வர்ணம் வரை வந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அதில் இடம் இல்லை. அரசு மாவட்ட இசைப்பள்ளிகளில் வாய்ப்பாட்டு, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் இதெல்லாம் படிப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க ஒரு பாடம்?

முடியாத காரியமா என்றால், செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1952-லேயே அகில இந்திய வானொலி வாத்திய விருந்தா ஆரம்பித்தது. ரவிசங்கரும் டி.கே.ஜெயராம ஐயரும் நடத்தினார்கள். ஆனால் எனக்குப் பிடித்த ஆள் எம்.பி.ஸ்ரீனிவாசன். எம்-க்கு விரிவு மானாமதுரை, நம்ம பக்கத்து ஊர் (கடத்துக்குப் பேர் போன அதே மானாமதுரைதான்). 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர், மலையாளத்தில் பெரிய பெயர், சினிமா வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் கட்டியவர். 1970களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். பாரதி பாட்டையெல்லாம் பல குரல்களுக்குப் பிரித்துப் பாட வைத்தார். அதோடு நிற்காமல் பள்ளிப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் நிறுத்திச் சேர்ந்து பாட வைத்தார். 1988-ல் லட்சத்தீவில் காலமானார்.

அவர் வேலையின் அருமை உட்கார்ந்து யோசித்தால்தான் தெரியும். முதல் தகராறு சுருதி. பெண் பிள்ளைகள் ஐந்து, ஐந்தரைக் கட்டை. குரல் உடைந்த பையன்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டை. ரெண்டுக்கும் நடுவில் ஒரு சுருதியைப் பிடித்தால் ரெண்டு பேருக்கும் தொண்டை கட்டும். ஆளுக்கொரு வரிசை எழுதிக் கொடுத்தால்தான் தீரும். அடுத்த தகராறு கமகம். மோகன வர்ணம் 'நின்னுக்கோரி' தெரியாத மாணவர் கிடையாது. நம்ம ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் செய்தது. பத்து டீச்சரிடம் படித்த பத்து வயலினை ஒன்றாக வைத்து அதை வாசிக்கச் சொல்லுங்கள். காந்தாரத்தை ஒருத்தி அசைப்பாள், ஒருத்தி நேராக நிறுத்துவாள், வில் ஒன்று மேலே போகும்போது இன்னொன்று கீழே வரும். ஸ்வரம் எல்லாம் சரி, கேட்டால் சந்தைக்கடை! இதைத் தனி கிளாசில் பத்து வருஷம் உட்கார்ந்தாலும் சரி செய்ய முடியாது. பக்கத்து வில்லைப் பார்த்து, உங்கள் வில்லைத் திருத்தி, யாருடைய காந்தாரம் என்று சண்டை போட்டு முடிவு செய்ய வேண்டும். அந்தச் சண்டைக்குத்தான் ஒரு வாரம் வேண்டும் என்கிறேன். ஒரு மாலை நேரம் போதாது.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் கடற்கரையில் பிரஷ்யா கோவ் என்று ஒரு இடம். 1972-ல் ஷாண்டோர் வேக் என்ற ஹங்கேரிய வயலின்காரர் அங்கே ஒரு இசைப் பயிலரங்கைத் தொடங்கினார், இன்றும் நடக்கிறது. அதில் ஒரு பகுதியில் பெரிய வித்வான்களும் இளைஞர்களும் ஒரே சிறு குழுவில் கலந்து உட்கார்ந்து வாசிக்கிறார்கள். சொல்லிக் கொடுப்பவர் எதிரில் இல்லை, பக்கத்து நாற்காலியில். இந்த ஒரு ஏற்பாட்டைத்தான் நாம் சுட வேண்டும்.

நமக்குக் கடல் வேண்டுமென்றால் தூத்துக்குடி இருக்கிறது. (மிருதங்கக்காரர்கள் முறைக்காதீர்கள், கடல் காற்றில் தோல் படுத்தும் பாடு தெரியும்.) கடலுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தப் பக்கமும் திருநெல்வேலி பக்கமும் சர்ச் பாடகர் குழுக்களில் நாலு குரலாகப் பிரிந்து பாடிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். தன் வரியை விடாமல் அடுத்தவன் வரியைக் காதில் வாங்குவது அவர்களுக்குச் சின்ன வயசிலேயே வந்துவிடுகிறது. நம் வர்ணக்காரர்கள் அவர்களிடம் ரெண்டு நாள் உட்காரட்டும். அவர்கள் நம்மிடம் கமகம் கேட்கட்டும். நாதஸ்வரம் வாசிக்கும் பையன்களையும் கூப்பிட வேண்டும், ஆனால் அவர்களுக்கு வெட்டவெளி. மூடிய ஹாலில் பத்து வயலினும் ஒரு வீணையும் அவர்களிடம் தாங்காது.

பி.காம் படிப்பவன் கணக்கு சொல்லாமல் விடலாமா? முப்பது பேர், ஏழு நாள், தங்க, சாப்பிட தலைக்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய் என்றால் 1,05,000. நாலு ஆசிரியர்களுக்கு ஆளுக்கு 15,000, அது 60,000. மொத்தம் 1,65,000. ஆளுக்கு 5,500. பாதியை ஊர்ப் பெரியவர்களும் மில்காரர்களும் கொடுத்தால் 2,750. நம்ம ஊர் கல்யாணத்தில் ஒரு ராத்திரி லைட் மியூசிக்குக்கு ஆகிற செலவைக் கேட்டுப் பாருங்கள், அப்புறம் இது அதிகமா என்று சொல்லுங்கள்.

எப்போது என்பதுதான் இடிக்கிறது. மார்கழியில் வாத்தியார்கள் சென்னையில் இருப்பார்கள். ஏப்ரல் பரீட்சை. மே மாதம் முகூர்த்தம், மேளக்காரர்கள் கிடைக்க மாட்டார்கள், ரிசல்ட் பயம் வேறு. காலாண்டு லீவில் வைக்கலாமா? அதுவும் நவராத்திரியும் சேர்ந்து வராத வருஷமாகப் பார்க்க வேண்டும். பீரோ மேல் வயலின் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் உங்களுக்கு எந்த வாரம் தோது என்று சொல்லுங்கள், அதை வைத்து முடிவு செய்யலாம். தந்தி துரு பிடித்திருக்கும், முதலில் அதை மாற்றுங்கள்.