சட்டசபையில தூக்குற கை யாரோடது?

வைகுண்ட ஏகாதசி வந்தாப் போதும், ஸ்ரீரங்கத்துல சொர்க்கவாசல் திறக்கிறதுக்கு முன்னாடியே எங்க குடும்ப வாட்ஸ்அப்புல சண்டை திறந்துடும். "ரங்கநாதர் தொகுதிக்குச் சாமி கும்பிடாத கட்சிக்காரன் எம்.எல்.ஏ.வா?"ன்னு சென்னையில இருக்கிற சித்தப்பா மகன் போடுவான். "நாமம் போட்டவனுக்கு ஓட்டுப் போட்டா ஊர் உருப்படுமா?"ன்னு பெங்களூருல இருக்கிற அத்தை மகன் பதில் போடுவான். ரெண்டு பேரும் நல்லாப் படிச்சவங்க. ரெண்டு பேருக்கும் இங்க ஓட்டு இல்ல.

நான் பத்தாவதோட நின்னவன். கொள்ளிடக் கரையில ஒண்ணரை ஏக்கர், பூவனும் ரஸ்தாளியும். சனிக்கிழமை தவறாமப் பெருமாளைச் சேவிக்கிறவன். ஆனாலும் இந்தச் சண்டையே வெட்டிச் சண்டைன்னுதான் சொல்லுவேன்.

ஏன்னு கேளுங்க. டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன்னு ஒருத்தர். 1880-ல ஸ்ரீரங்கத்துல ஐயங்கார் குடும்பத்துல பிறந்து, கடல் தாண்டி லண்டன்ல டாக்டருக்குப் படிச்சவர். 1930-ல ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பு காய்ச்சப் புறப்பட்டது திருச்சியில இவர் வீட்டுலேர்ந்துதான். 1937-ல ராஜாஜி மந்திரிசபையில இவரும் ஒரு மந்திரி. 1938-ல எம்.சி. ராஜா கோயில் நுழைவு மசோதா கொண்டாந்தப்போ ராஜாஜி ஒத்துக்கல, மசோதா தோத்துப்போச்சு. மறு வருஷம் ஜூலை 8, மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ள வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களைக் கூட்டிக்கிட்டுப் போனார். அதுக்கப்புறம் அதே ராஜாஜி அரசாங்கம் அதைப் பாதுகாக்கச் சட்டம் போட்டுது. வைதீகக்காரங்க கொதிச்சாங்க. பூஜை புனஸ்காரம் உள்ளவங்க நடத்தின அரசாங்கம்தான் அது.

எதிர்ப்பக்கமும் பாருங்க. ராஜகோபுரத்துக்கு எதிர்ல 2006 டிசம்பர்ல சிலையைத் திறக்கிறதுக்கு முன்னாடியே உடைச்சு ஊரே பதறிச்சே, அந்தப் பெரியாரு ஒரு காலத்துல ஈரோட்டுல தேவஸ்தானக் கமிட்டித் தலைவரா இருந்து கோயில் நிர்வாகம் பார்த்தவர்தான். எங்க தொகுதியில ஜெயிச்ச ஜெயலலிதா 2012-ல ஸ்ரீரங்கம் கோயில்ல நாள் முழுக்க அன்னதானம் ஆரம்பிச்சாங்க. 2021-ல ஸ்டாலின் அதையே சமயபுரத்துல ஆரம்பிச்சார். சாப்பிட்டு எழுந்திரிக்கிறவனுக்குப் பக்தர் போட்ட சோறு எது, பகுத்தறிவாளர் போட்ட சோறு எதுன்னு தெரியவா போகுது?

என் வயித்தெரிச்சல் வேற இடத்துல. 2020 பிப்ரவரி 9-ஆம் தேதி முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கப்போறதா அறிவிச்சார். அந்த அறிவிப்புல திருச்சி இருந்துச்சு, கரூர், அரியலூரும் இருந்துச்சு. பதினோரு நாள் கழிச்சுச் சட்டமா வந்தப்போ மூணு மாவட்டமும் காணோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், அப்புறம் கடலூர், புதுக்கோட்டையில சில ஒன்றியங்கள், அவ்வளவுதான். காவிரியும் கொள்ளிடமும் பிரியற முக்கொம்பு எங்ககிட்டத்தான் இருக்கு. ஆனா நாங்க டெல்டா இல்லையாம்! அப்போ ஸ்ரீரங்கம் எம்.எல்.ஏ. வளர்மதி ஒரு மந்திரி, திருச்சி கிழக்கு வெல்லமண்டி நடராஜன் இன்னொரு மந்திரி. ரெண்டு மந்திரி இருக்கிற மாவட்டத்தோட பேரையே அடிச்சுட்டாங்க. உள்ளுக்குள்ள அவங்க எங்களுக்காகப் பேசியிருக்கலாம், யாரு கண்டா. சபையில எதிர்த்துக் கை தூக்கியிருக்க முடியாது.

சரி, ஆட்சி மாறிச்சு. 2021-ல மாவட்டத்துல ஒன்பது தொகுதியும் தி.மு.க. அணிக்கே. 2023-ல மயிலாடுதுறையைச் சேர்த்து அந்தச் சட்டத்தைத் திருத்தினாங்க, அப்பவும் திருச்சி சேரல. அதே வருஷம் ஏப்ரல் 21, கூட்டத்தொடரோட கடைசி நாள், சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதாவை விவாதமே இல்லாம நிறைவேத்தினாங்க. நூறு ஹெக்டேருக்குக் குறையாத திட்டம்னா, அதுக்குள்ள ஓடை, வாய்க்கால் இருந்தாலும் அரசாங்கம் அதையும் சேர்த்து ஒருங்கிணைக்க வழி பண்ற சட்டம். நூறு ஹெக்டேர்னா 247 ஏக்கர். ஜீயபுரம், அந்தநல்லூர் பக்கம் வந்து வாய்க்கால் குறுக்கால ஓடாத 247 ஏக்கரை எனக்குக் காட்டுங்க பார்ப்போம். ஒன்பது பேர்ல ஒருத்தர் "எங்க ஊரு வாய்க்கால் என்ன ஆகும்?"னு எழுந்து கேட்கக்கூட அன்னைக்கு இடம் இல்ல.

இதுல சாமி எங்க வந்தது, பகுத்தறிவு எங்க வந்தது? கும்பிடறவரும் கும்பிடாதவரும் ஒரே மாதிரிதான் கை தூக்குறாங்க. அந்தக் கையில இருக்கிற கயிறு கட்சிக் கொறடா கையில. 1985-ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா சொன்னதை மீறி ஓட்டுப் போட்டா பதவி போயிடலாம். மூணு வேளாண் சட்டங்களை எடப்பாடி ஆதரிச்சார். "நானும் விவசாயி"ன்னு சொல்லிக்கிட்டேதான். 2020 செப்டம்பர்ல மாநிலங்களவையில அவர் கட்சி எம்.பி. எஸ்.ஆர். பாலசுப்பிரமணியம் அதைக் குறை சொல்லிப் பேசினார். பாராட்டறேன். ஆனா இந்த நாட்டுல பேச்சுக்கு மட்டும்தான் மனசாட்சி, ஓட்டுக்குக் கிடையாது.

"கொறடா இல்லேன்னா எம்.எல்.ஏ.வை மாட்டுச் சந்தையில விக்கிற மாதிரி விப்பாங்க"ம்பீங்க. கொறடா இருந்தப்பதான் 2017-ல கூவத்தூர் ரிசார்ட்ல வச்சுப் பூட்டினாங்க. அந்தப் பிப்ரவரி 18-ல ஓ.பன்னீர்செல்வத்தோட சேர்த்துப் பதினோரு பேர் நம்பிக்கை ஓட்டுலயே எடப்பாடிக்கு எதிராப் போட்டாங்க, யார் பதவியும் போகல. பன்னீர்செல்வம் துணை முதல்வரே ஆயிட்டார். அந்தச் செப்டம்பர்ல, முதலமைச்சர் மேல நம்பிக்கை இல்லைன்னு கவர்னர்கிட்ட மனு கொடுத்த பதினெட்டுப் பேருக்குப் பதவி போச்சு. இதுக்குப் பேரு சட்டமா, நாட்டாமையா?

ஆட்சியைக் கவிழ்க்கிற ஓட்டு, பட்ஜெட், இதுக்குக் கொறடா இருந்துட்டுப் போகட்டும். மத்ததுக்கு எதுக்கு? 1990-லயே தினேஷ் கோஸ்வாமி கமிட்டி கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுச்சு. இங்கிலாந்துல தூக்குத் தண்டனையை ஒழிக்கிற ஓட்டை 1965-ல உறுப்பினர்களோட மனசாட்சிக்கே விட்டாங்க. அவங்க நாடு ஒண்ணும் கவிழ்ந்துடல.

அப்போ எம்.எல்.ஏ. நாங்க சொல்றதை எல்லாம் செய்யற வேலைக்காரனா இருக்கணுமான்னு கேட்டா, அதுவும் இல்ல. ஊர் சொல்றதெல்லாம் நியாயம் இல்ல. 1939-ல ஸ்ரீரங்கத்து வீதியில ஓட்டெடுப்பு வச்சிருந்தா கோயில் நுழைவு ஜெயிச்சிருக்கும்னு எனக்குத் தோணல. அவ்வளவு தூரம் ஏன்? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023-ல சீல் வச்சாங்க, தலித் மக்கள் உள்ள வர்றதை மத்த சாதிக்காரங்க தடுத்த தகராறுல. அந்த மாதிரி இடத்துல பெரும்பான்மைக்கு எதிரா நின்னு, "இது தப்பு, நான் ஒத்துக்க மாட்டேன்"னு தெருவுல வந்து சொல்றவர்தான் எனக்கு வேணும். அதுக்காக அடுத்த தேர்தல்ல தோத்தா தோக்கட்டும், நான் அவருக்குத்தான் போடுவேன். என் பேச்சைக் கேட்கலேன்னாலும் அவரோட பேச்சைக் கேட்டார்னு ஒரு ஆறுதல். இப்போ நடக்கிறது ரெண்டும் இல்லை. அவர் மனசும் இல்லை, எங்க மனசும் இல்லை.

அதனால தம்பிங்களா, உங்க வேட்பாளர் கோயிலுக்குப் போறாரா இல்லையான்னு போட்டோ தேடறதை விடுங்க. போன தடவை எங்க தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்த ஒருத்தர்கிட்ட, "வேளாண் மண்டலத்துல திருச்சியைச் சேர்க்கக் கை தூக்குவீங்களா?"ன்னு கேட்டேன். "தலைமைகிட்ட சொல்றேண்ணே"ன்னு கும்பிட்டுட்டு வேன்ல ஏறிட்டார். அடுத்த தடவை யார் வந்தாலும், ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு ஏறுங்கன்னு சொல்லப்போறேன். பேப்பரும் பேனாவும் நான் வச்சிருப்பேன்.