சாப்பாட்டு ஜெபம்

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். ஒரே வாழைத்தார் மூன்று தடவை ஏலம் போனது. எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, "திரும்பவும் விடுங்க" என்று தாரை மேசையிலேயே வைத்துவிட்டார், அடுத்தவரும் அப்படியே. ஒரு முட்டை கோழி விலைக்குப் போனது. நன்றி இப்படிக் கூச்சலும் சிரிப்புமாக வெளிப்படுவதைப் பார்க்க எனக்கு எப்போதுமே பிடிக்கும்.

ஆனால் அன்று காலை ஆராதனையில் கேட்ட பிரசங்கம் மனதைவிட்டுப் போகவில்லை. பிரசங்கியார் மார்ட்டின் ரிங்கார்ட்டின் கதையைச் சொன்னார். ஜெர்மனியின் ஐலன்பர்க் ஊர்ப் போதகர். முப்பதாண்டுப் போர்க் காலம். 1637-இல் ஊரில் கொள்ளைநோய். ஒரே நாளில் நாற்பது ஐம்பது பேரைக்கூட அடக்கம் செய்தார், மனைவியையும் பறிகொடுத்தார். அந்தக் கல்லறைகளின் நடுவே உட்கார்ந்துதான், உலகமெல்லாம் பாடும் அந்த நன்றிப் பாமாலையை எழுதினாராம். "அவரே ஸ்தோத்திரம் சொன்னார், நீங்கள் ஏன் முறுமுறுக்கிறீர்கள்?" என்று முடித்தார். எனக்கு முன் வரிசையில் இருந்த அக்கா, சமீபத்தில் மகனை இழந்தவர், பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

இந்தக் கோபத்தோடு, ஆலயத்தில் திரையில் பாட்டுப் போடுவதைப் பற்றிய என் பழைய வருத்தமும் சேர்ந்துகொண்டது. எழுத்து பெரிது, வயதானவர்களுக்கு வசதி, எல்லாம் சரி. எழுதியவர் பெயரை ஏன் வெட்டுகிறார்கள்? பழைய புத்தகங்களில் பாட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் பெயர் இருக்கும், சிலவற்றில் ஆண்டும் இருக்கும். அது போனால் கதை தன் இஷ்டத்துக்கு வளர்கிறது. வளர்ந்த கதை கடைசியில் துக்கத்தில் இருப்பவர் தலையில் வந்து விழுகிறது.

ரிங்கார்ட்டின் பாட்டு 1636-இல் வெளியான அவருடைய சிறு நூலிலேயே இருந்தது என்பதுதான் பாமாலை வரலாறு எழுதியவர்கள் பொதுவாகச் சொல்வது. கொள்ளைநோய் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. அவர் அதைச் சாப்பாட்டு ஜெபமாகத்தான் வைத்திருந்தார். வீட்டில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து சொல்ல.

அப்போதும் நல்ல காலம் இல்லை. போர் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் இது பெரிய வித்தியாசம். குழி ஓரத்தில் பாட்டெழுதினார் என்றால் நாம் அண்ணாந்து பார்க்கலாம், நமக்கு அது வரவில்லையே என்று குறுகிப்போகலாம். அன்றாடம் சோற்றுக்கு முன் சொன்னது என்றால் எந்த வீட்டுக்கும் எட்டும். வாயில் பழகிய நன்றி கெட்ட நாளிலும் கூடவே நிற்கும். கெட்ட நாளில் போய் அதை முதன்முதலாகக் கேட்டு வாங்க முடியாது.

கொள்ளைநோய் ஆண்டில் அவர் செய்ததையும் முழுதாகச் சொல்லவேண்டும். மதில் சூழ்ந்த ஊர். சுற்றுப்புறத்திலிருந்து தஞ்சம் தேடி வந்தவர்களால் நெரிந்தது. உடன் ஊழியர்கள் மாண்டுபோக, அடக்க ஆராதனைகள் இவர் ஒருவர் தலையில் விழுந்தன, நாலாயிரத்துக்கும் மேல். அதன் பிறகு பஞ்சம். செத்த பூனைக்கும் காக்கைக்கும் தெருவில் மனிதர்கள் அடித்துக்கொண்டார்கள். ரிங்கார்ட் இருந்ததையெல்லாம் கொடுத்தார். தன் பிள்ளைகளுக்கு ரொட்டியும் துணியும் தேடவே திண்டாடி, வரப்போகும் ஆண்டுகளின் வருமானத்தை முன்கூட்டியே அடகு வைத்தார். மேசையில் சொல்லிப் பழகிய நன்றி அவரிடம் வாசலில் நின்றவர்களுக்கு ரொட்டியாகப் போய்ச் சேர்ந்தது. பிரசங்கியார் இதைச் சொல்லியிருந்தால் நான் எழுந்து நின்று ஆமென் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று. எண்பத்தெட்டாம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். தொடக்கம் முதல் கடைசிவரை கதறல். ஒரு நன்றிச் சொல்கூட இல்லாமல், இருளிலேயே முடிகிறது. அதைத் திருமறையிலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை. ஸ்தோத்திரம் ஒருவர் தானாகச் செலுத்துவது. இன்னொருவர் துக்கத்திலிருந்து அதை வசூலிக்க நமக்கு உரிமை இல்லை.

அடுத்த ஞாயிறு அந்தப் பாமாலை வந்தால் நான் குரலெடுத்துப் பாடுவேன். அந்த அக்காவுக்குப் பாட்டு வரும் வரை அவருக்கும் சேர்த்து நாம் பாடலாம், சபையாய்க் கூடுவதே அதற்குத்தானே. அவர் வாய் அசைகிறதா என்று மட்டும் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.