இசைக்கும் பட்டப்படிப்பு வேண்டும்



பிளஸ் டூ முடித்த பிள்ளை இசை படிக்க ஆசைப்பட்டால், "அதைச் சாயங்காலம் கற்றுக்கொள், கல்லூரியில் வேறு படி" என்று தடுத்துவிடுகிறோம். வீணையில் தனிப் பாணி கண்ட சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் சகோதரர்களின் காரைக்குடியிலும் இதுதான் நிலை என்பது வேதனை தருகிறது.

கச்சேரி செய்வதற்கு மட்டுமல்ல இசைப் படிப்பு. வீணையின் 24 மெட்டுகள் எங்கெங்கே அமைய வேண்டும் என்பதில் இயற்பியல் இருக்கிறது. குடுமியான்மலை இசைக் கல்வெட்டை அறிய வரலாறு வேண்டும். சிலப்பதிகார அரங்கேற்று காதையை விளங்கிக்கொள்ளத் தமிழ் வேண்டும். அறிவியல் பட்டம் பெற்ற விபுலாநந்த அடிகளால்தான் 1947இல் பழந்தமிழ் யாழை ஆராயும் 'யாழ் நூல்' தர முடிந்தது.

கானாடுகாத்தானில் பிறந்த ராஜா அண்ணாமலைச் செட்டியார், 1929இலேயே சிதம்பரத்தில் இசைக் கல்லூரி கண்டார். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் இசைப் பட்டப்படிப்பு உண்டு. சிவகங்கை மாவட்டக் கலைக் கல்லூரிகளிலும் இசையை இளங்கலை முதன்மைப் பாடமாக்கி, முழுநேரப் பேராசிரியர்களை அரசு நியமிக்க வேண்டும். பிற துறை மாணவர்களும் அதை விருப்பப் பாடமாக எடுக்க வழிசெய்ய வேண்டும். பெற்றோர்களும் துணிந்து பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும்.

- ஒரு வாசகர், செக்காலை, காரைக்குடி