கள்ளக்கடலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும்

நம் ஊரில் ஒரு மௌத் நிகழ்ந்தால் சற்று நேரத்திற்குள் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்துவிடுகிறது. யார் வீடு, ஜனாஸா எப்போது என்பதை முழு மஹல்லாவும் அறிந்துகொள்கிறது. பிறை தென்பட்டாலும் அவ்வாறே. ஆனால் கடல் சீறப்போகிறது, கரைக்குச் செல்லாதீர்கள் என்ற செய்தியை அந்த ஒலிபெருக்கியில் நான் இதுவரை கேட்டதில்லை.

2024 மே 6 அன்று கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரைக் கடல் விழுங்கியது. அதே நாட்களில் நமது தேங்காய்ப்பட்டணம் கரையிலும் அலை உயிரைக் கொண்டுபோனது. புயல் இல்லை, மழைக்காலமும் அன்று. எனினும் கள்ளக்கடல் எச்சரிக்கை முன்னதாகவே வெளியிடப்பட்டிருந்தது. அது கரையில் நின்றவர்களின் செவியை எட்டியிருக்க வேண்டிய அளவுக்கு எட்டவில்லை என்பதே நம்மை உறுத்த வேண்டிய செய்தி.

கள்ளக்கடல் என்பது குமரி, கேரளக் கடலோரத்தாரின் சொல். உள்ளூரில் காற்றின் அறிகுறி எதுவுமின்றித் திருடனைப்போல் வந்து சேர்வதால் அப்பெயர். 2012இல் யுனெஸ்கோ இதனை அறிவியல் வழக்குச் சொல்லாகவே ஏற்றுக்கொண்டது. தெற்கே, அண்டார்டிகாவை நோக்கிய இந்தியப் பெருங்கடற் பரப்பில் வீசும் கடும்புயல்கள் நீண்ட அலைகளை எழுப்புகின்றன. அவை பல நாட்கள், பல ஆயிரம் கிலோமீட்டர் பயணித்து நம் கரையை அடைகின்றன. 2024 மார்ச் 31 அன்று, ரமலான் நோன்பு இருபதை எட்டியிருந்த வேளையில், கேரளக் கரையோர வீடுகளுக்குள் புகுந்ததும் இவ்வகை அலைதான். நம் வானத்தை எத்தனை கூர்ந்து பார்த்தாலும் இதனை முன்னறிய இயலாது. அங்கே, அந்தத் தொலைவில், எவராவது அளந்து சொன்னால்தான் உண்டு.

அளப்பவர் ஒருவர் அல்லர். இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2013இல் ஏவிய ‘சரல்’ செயற்கைக்கோள் அலையின் உயரத்தை அளந்தது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் தம் கோள்களால் அளக்கின்றன. ‘ஆர்கோ’ என்னும் திட்டத்தில் சுமார் 30 நாடுகள் இணைந்து ஏறக்குறைய 4,000 மிதவைகளைக் கடலில் விட்டுள்ளன. ஒவ்வொன்றும் பத்து நாட்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி, வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளந்தபடி மேலேறிச் செய்தி அனுப்புகிறது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அத்தரவு உலகில் எவருக்கும் விலையின்றிக் கிடைக்கிறது. ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான ‘இன்காய்ஸ்’ இவற்றையெல்லாம் திரட்டியே நம் மாவட்டத்துக்கும் எச்சரிக்கை விடுக்கிறது. 2020 முதல் கள்ளக்கடலுக்கெனத் தனி முன்னறிவிப்பும் அங்கே உண்டு.

இத்தகைய கூட்டுறவு இல்லாத காலத்தையும் நாம் கண்டோம். 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவில் நிலம் நடுங்கியபின் நம் மாநிலக் கரையை ஆழிப்பேரலை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பசிபிக் கடலுக்கு 1960களிலேயே எச்சரிக்கை அமைப்பு இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. குளச்சல் அதற்குக் கொடுத்த விலையை இங்கு எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. இன்று இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் மையங்கள் இப்பெருங்கடலின் நாடுகளுக்கெல்லாம் ஆழிப்பேரலை எச்சரிக்கை வழங்குகின்றன. அந்த அமைப்பில் பாகிஸ்தானும் இருக்கிறது. எல்லையில் முறைத்துக்கொள்வோரும் கடலின் செய்தியை மறைப்பதில்லை.

ஆயினும் இது உறுதியான கட்டடம் அன்று. ஆர்கோ மிதவைகளில் ஏறக்குறைய பாதி அமெரிக்காவுடையவை. கடலையும் வளிமண்டலத்தையும் ஆயும் தன் அமைப்பின் நிதியைக் குறைக்க அந்நாட்டு அரசு 2025இல் முன்மொழிந்தது. வாஷிங்டனில் ஒரு வரவு செலவுக் கணக்கின் வரி அடிக்கப்பட்டால் அதன் விளைவு குமரிக்கரையையும் தொடக்கூடும். அறிவு ஓர் அமானிதம் என்று நம்புகிற நாம் இதனைக் கண்டும் காணாமல் இருக்கலாகாது. பருவக்காற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே ‘மவ்சிம்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் இப்னு மாஜித் தாம் கற்ற கடல்வழிகளை எழுதிவைத்தார். பிறர் அறிந்துவிடுவார்களே என்று அவர் அஞ்சவில்லை.

‘எல்லாம் விதிப்படிதான் நடக்கும், எச்சரிக்கை எதற்கு?’ என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு உமர் (ரலி) அவர்களின் ஷாம் பயணத்தை நினைவூட்ட விரும்புகிறேன். ஸர்க் என்னுமிடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி அவர்களுக்குக் கிடைத்தது. பலரிடமும் ஆலோசித்துத் திரும்ப முடிவெடுத்தபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற பொருளில் பதில் வந்தது. புகாரியில் இடம்பெறும் இந்நிகழ்வில் நாம் அதிகம் பேசாத பகுதி ஒன்றுண்டு. நோய் பரவிய ஊருக்குள் செல்ல வேண்டாம் என்ற நபிமொழி அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) ஒருவரிடமே இருந்தது. அதுவரை அங்கில்லாத அவர் வந்ததும் தாம் அறிந்ததைச் சபைக்குச் சொன்னார். அவர் அதைத் தம்மோடு வைத்துக்கொண்டிருந்தால் என்னவாகியிருக்கும்?

நம்மிடம் வரும் செய்தியை நாம் என்ன செய்கிறோம்? இன்காய்ஸின் அறிவிப்பு மாவட்ட நிர்வாகத்தை அடைகிறது, தொலைக்காட்சியில் ஓடுகிறது, பெருநாள் மாலையில் பிள்ளைகளுடன் கடற்கரைக்குக் கிளம்பும் குடும்பம் அதைப் பார்த்திருப்பதில்லை. கள்ளக்கடல் மிகுவது ஏப்ரல், மே மாதங்களில். பள்ளி விடுமுறையும் அப்போதே. நம் ஜமாஅத் நிர்வாகத்தினர் மீன்வளத் துறையிடமும் வருவாய்த் துறையிடமும் பேசி எச்சரிக்கையை நேரடியாகப் பெற ஏற்பாடு செய்யலாம். அஸர் தொழுகைக்குப் பின் இரண்டு வரி அறிவிப்பு போதும்.

சில எச்சரிக்கைகள் பெரிதாக எதுவும் நிகழாமல் கடந்துபோகும். கேலி பேசுவோரும் இருப்பர். அது பொறுத்துக்கொள்ளக் கூடிய கேலி. ஆழ்கடலுக்குச் சென்றவர்களை எந்த ஒலிபெருக்கியும் எட்டாது என்பதும் உண்மை. 2017இல் ஒக்கி வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்கள் கரையிலிருந்து பல மைல்களுக்கு அப்பால் இருந்தனர். கரையில் அவர்களுக்காகக் காத்திருந்த தாய்மாரின் அழுகை நம் தெருக்களிலும் கேட்டது. கடலை நம்பிப் பிழைக்கும் அக்கிறிஸ்தவச் சகோதரர்கள் நம் அண்டை வீட்டார். அறிவிப்பு அவர்களுக்கும் சேர்த்தே ஒலிக்கட்டும். குருசடியிலும் தேவாலயத்திலும் இதே ஏற்பாடு இருந்தால், எச்சரிக்கை நாளில் ஆற்றுமுகம் முதல் இரயுமன்துறை வரை ஒரே செய்தி ஒரே நேரத்தில் கேட்கும். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதை முன்வைக்க எண்ணியுள்ளேன். மோதினாரிடம் பேசிவிட்டேன், கையில் தாள் வந்தால் வாசித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.