மாத்தளைக்கு வந்த உதவி எதைத் தடுத்தது?

வேலையில்லாத இளைஞனுக்கு ஒரு தொழிலைக் கொடுத்தால் அவன் ஆயுதத்தைத் தூக்கமாட்டான் என்பது உதவி வழங்கும் நாடுகளின் பழைய நம்பிக்கை. 2016 இல் பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பு, வன்முறைத் தீவிரவாதத்தைத் தடுக்கும் சில செலவுகளையும் அபிவிருத்தி உதவிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தியது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு நம் நாட்டிலும் இந்தத் தலைப்பில் பயிற்சிப் பட்டறைகள் பெருகின. சிலவற்றில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். "இளைஞர்கள் ஏன் அந்தப் பக்கம் போகிறார்கள்?" என்ற கேள்விக்கு வெண்பலகையில் முதலில் எழுதப்படும் சொல் எப்போதும் வறுமைதான். இரண்டாவது, வேலையின்மை. அரசு என்ற சொல் எழுதப்பட்டதை நான் பார்க்கவில்லை.

இந்த நம்பிக்கையை உரசிப் பார்க்க ஆப்கானிஸ்தான் வரை போக வேண்டியதில்லை, மாத்தளை போதும்.

1979 முதல் இலங்கையில் மாவட்டம் மாவட்டமாக ஒருங்கிணைந்த கிராமிய அபிவிருத்தித் திட்டங்கள் தொடங்கின. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு புரவலர். அம்பாந்தோட்டைக்கு நோர்வே, மாத்தறைக்கு சுவீடன், நுவரெலியாவுக்கு நெதர்லாந்து, குருணாகலுக்கு உலக வங்கி. 1980களின் தொடக்கத்தில் மாத்தளையும் புத்தளமும் உலக வங்கியின் பங்காக வந்தன. கிராமத்து வீதி, குளத் திருத்தம், பாடசாலைக் கட்டடம், பயிர்ச் செய்கைக்கு ஊக்கம் என்று பணம் இறங்கியது. வேலைகள் நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது 1987-89 காலத்து இரண்டாவது ஜே.வி.பி. கிளர்ச்சியின் வரைபடத்தை இதன்மேல் வைத்துப் பாருங்கள். அம்பாந்தோட்டை, மாத்தறை, குருணாகல், மாத்தளை. வெளிநாட்டு உதவி முதலில் போய்ச் சேர்ந்த மாவட்டங்களிலேயே அதிக இரத்தம் சிந்தியது. உதவிதான் கிளர்ச்சியை உண்டாக்கியது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது கிளர்ச்சியைத் தடுக்கவில்லை என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

ஏன் தடுக்கவில்லை? 1989 இல் பிரேமதாச அரசு நியமித்த இளைஞர் தொடர்பான ஜனாதிபதி ஆணைக்குழு 1990 இல் அறிக்கை தந்தது. அது வேலையின்மையைப் பேசியது. அதைவிட அழுத்தமாக, அரசியல் அதிகாரம் துஷ்பிரயோகம் செய்யப்பட்டதைப் பேசியது. 1977 க்குப் பிறகு வந்த 'வேலை வங்கி' முறையில் அரச வேலைக்கான விண்ணப்பப் படிவமே ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினரின் கைக்குள் போனது. கிராமத்தில் பட்டம் பெற்ற பிள்ளை எம்.பி.யின் வீட்டு வாசலில் துண்டுக்காகக் காத்து நிற்க வேண்டும். சிங்கள இளைஞர்கள் ஆங்கிலத்தை 'கடுவ' என்றார்கள், வாள் என்று பொருள். தங்களை வெட்டி விழுத்தும் ஆயுதம் அது. புரவலர் போட்ட கொங்கிரீட் வீதி அந்த எம்.பி.யின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, கோபமும் அதே வீதியால்தான் போனது.

இதே மாவட்டத்தின் தமிழர் கதை வேறு. 1977 வன்செயலில் மாத்தளை உட்பட மலையகத்தின் பல பகுதிகளில் தோட்டத் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். பலர் வவுனியாப் பக்கம் போய்க் குடியேறினார்கள். அவர்களுக்குக் காணி துப்புரவாக்கி, கிணறு வெட்டி, முன்பள்ளி நடத்திக்கொடுத்தது காந்தீயம் அமைப்பு. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களின் பணம் அதற்கு வந்தது. வன்முறைக்குப் போகாமல் தடுக்கும் அபிவிருத்தி என்று இன்றைய பட்டறைகளில் எதை வரைகிறார்களோ, கிட்டத்தட்ட அதுதான். அரசு அதைப் பயங்கரவாதமாகப் பார்த்தது. 1983 இல் அதன் அமைப்பாளர்கள் டேவிட் ஐயாவும் டொக்டர் இராஜசுந்தரமும் கைதானார்கள். அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலுக்குத் தீ வைக்கப்பட்டதும் அந்த ஜூலையில்தான்.

அதே ஆண்டுகளில் பிரித்தானியா, கனடா, சுவீடன், மேற்கு ஜேர்மனி ஆகிய நாடுகளின் பணத்தில் மகாவலி அணைகள் எழுந்தன. மகாவலியின் பெயராலேயே மணலாறு வெலிஓயாவானது, தமிழ்க் கிராமங்கள் வெறுமையாயின. எது அபிவிருத்தி, எது பயங்கரவாதம் என்று பெயர் வைக்கும் உரிமை அரசிடம் இருந்தது. புரவலர்கள் அந்தப் பெயர்ப் பட்டியலைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். எத்தனை இளைஞர்கள் காணியையும் வீட்டையும் இழந்த பிறகு இயக்கங்களுக்குப் போனார்கள் என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொரு மாத்தளைக்காரரையும் சொல்ல வேண்டும். கலேவெலயை அடுத்த தேவஹுவ ஒரு குடியேற்றத் திட்டம். 1970களில் ஜப்பானிய உதவியோடு கிராம அபிவிருத்தி நடந்த இடம். ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பிறந்தது அங்கே, வளர்ந்தது மகாவலி 'எச்' வலயத்துத் தம்புத்தேகமவில். உதவி பாய்ந்த இரண்டு மண்ணின் பிள்ளை 1987 இல் ஜே.வி.பி.யில் சேர்ந்தார். தண்ணீரும் காணியும் கிடைத்த பிறகும் தீராத ஏதோ ஒன்று அந்தத் தலைமுறைக்கு இருந்திருக்கிறது.

வறுமைக் கணக்கு வேறு இடங்களிலும் சரிவரவில்லை. உயிர்த்த ஞாயிறன்று வெடித்தவர்களில் இருவர் கொழும்பின் பணக்கார வாசனைத்திரவிய வணிகர் ஒருவரின் மகன்கள். பிலிப்பைன்ஸில் உலக வங்கி ஆதரித்த ஒரு சமூக அபிவிருத்தித் திட்டம் பற்றி 2014 இல் வெளியான ஆய்வு, உதவிக்குத் தகுதி பெற்ற ஊர்களில் மோதல் உயிரிழப்புகள் கூடியதாகக் கண்டது. திட்டம் வெற்றி பெற்றால் மக்கள் அரசுப் பக்கம் சாய்வார்கள் என்று கிளர்ச்சியாளர்கள் அதை முந்திக்கொண்டு தாக்கினார்களாம். அதாவது உதவிக்குச் சக்தியே இல்லை என்பதல்ல. யாருடைய கையால் போகிறது என்பதைப் பொறுத்து அது மருந்தாகவும் ஆகும், இலக்காகவும் ஆகும்.

சரி, பணத்தை எங்கேதான் போடுவது? நான் மாத்தளை வைத்தியசாலை வளவைக் காட்டுவேன். 2012 நவம்பரில் அங்கே கட்டட வேலைக்கு நிலத்தைத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. 150 க்கும் மேற்பட்ட மனித எச்சங்கள். முதலில் ஆராய்ந்த தொல்லியலாளர்கள் 1986-90 காலத்தவை என்றார்கள். 1989 இல் மாவட்டத்தின் இராணுவ இணைப்பதிகாரியாக இருந்தவர் கோட்டாபய ராஜபக்ஷ, எலும்புகள் வெளிப்பட்டபோது அவர் பாதுகாப்புச் செயலாளர். பிறகு மாதிரிகள் அமெரிக்க ஆய்வகத்துக்குப் போயின. அவை 1950 க்கு முந்தியவை என்று முடிவு வந்தது. மன்னார் சதொச புதைகுழிக்கும் அதே கதை: மாதிரி புளோரிடாவுக்குப் போனது, பல நூறு ஆண்டு பழையது என்று பதில் வந்தது, தாய்மார் நம்பவில்லை. இரண்டு இடத்திலும் பிள்ளை யாருடையது என்பதற்கு விடை இல்லை.

செம்மணியில் 2025 இல் 200 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்துவிட்டன. உறவினர்களின் மரபணு மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் வங்கியும், உள்நாட்டிலேயே சுயாதீனமாக ஆய்வு செய்யும் ஆய்வகமும், அதை இயக்கப் பயிற்சி பெற்ற ஆட்களும் நமக்கு வேண்டும். பல கோடி ரூபாய்ச் செலவு. ஆனால் ஒரு மாவட்டத்தின் ஐந்தாண்டுக் கிராமிய அபிவிருத்தித் திட்டத்துக்குக் கொடுத்ததைவிட அதிகமாக இருக்காது. அடுத்த முறை புரவலர்கள் இந்தத் தலைப்போடு கொழும்புக்கு வரும்போது மாத்தளைத் தாயும் முல்லைத்தீவுத் தாயும் ஒன்றாகப் போய் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.