மின்னேற்றி பேசும் மொழி



பெட்ரோல் பங்க்கில் குழாயை வண்டியில் செருகினால் எண்ணெய் ஓடுகிறது. பணத்தைக் கொடுத்தால் கணக்கு முடிகிறது. குழாய்க்கும் வண்டிக்கும் இடையே பேச்சு ஏதுமில்லை. ஆனால், மின்சாரக் காருக்குச் சக்தி ஊட்டும் சார்ஜர், அதாவது மின்னேற்றி, அத்தகையதன்று. அது இரு பக்கமும் பேசிக்கொண்டே பணி செய்யும் கருவி. "பேட்டரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது? எவ்வளவு மின்சாரம் தாங்கும்?" என்று ஒருபுறம் காரிடம் கேட்கிறது. "இவருக்கு மின்சாரம் வழங்கலாமா? கணக்கு எவ்வளவு?" என்று மறுபுறம் எங்கோ இருக்கும் நிலையத்துக் கணினியிடம் கேட்கிறது.

ஊருக்கு ஒரு நிறுவனம், நிறுவனத்துக்கு ஒரு மொழி என்றிருந்தால் என்னவாகும்? ஒருவரிடம் மின்னேற்றி வாங்கியவர் ஆயுள் முழுவதும் அவரிடமே கட்டுண்டு கிடக்க நேரும். இதை உணர்ந்தே நெதர்லாந்து நாட்டில் 2009ஆம் ஆண்டு ஒரு பொதுமொழிக்கு வித்திட்டனர். மின்னேற்றியும் நிலையத்துக் கணினியும் பேசிக்கொள்ளும் அந்த நெறிமுறைக்கு ஓ.சி.பி.பி. என்று பெயர். எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதன் 2.0.1 பதிப்பு 2024இல் பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டுவிட்டது. காரும் மின்னேற்றியும் பேசிக்கொள்வதற்கு ஐ.எஸ்.ஓ. 15118 என்ற தரம் தனியே உள்ளது.

பொதுமொழியின் அருமை, கடை மூடும் நாளில்தான் புரியும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 'ஜூஸ்பாக்ஸ்' மின்னேற்றிகளை விற்று வந்த எனெல் எக்ஸ் வே நிறுவனம், 2024 அக்டோபர் 11ஆம் நாளோடு அங்கே தன் வணிகத்தை நிறுத்திக்கொண்டது. அறிவிப்பு வந்ததோ ஒன்பது நாட்களுக்கு முன்புதான்! வீடுகளில் பொருத்தியவை மின்சாரம் ஏற்றும். ஆனால் கைப்பேசிச் செயலி உதவாது என்று அறிவிக்கப்பட்டது. கடைகளிலும் அலுவலகங்களிலும் நிறுவிய வணிக மின்னேற்றிகளோ, மென்பொருள் ஆதரவின்றிச் செயலிழக்கும் என்று அந்நிறுவனமே கூறிவிட்டது. பழுதில்லாத பொருள், பேச ஆளின்றிப் பயனற்றுப்போகும் நிலை! பணம் போட்டு வாங்கியவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

பேச்சு நின்றால் வரும் துன்பம் இது. பேச்சுக்குக் காவல் இல்லாவிட்டால் வரும் துன்பம் வேறு. 2022 பிப்ரவரி இறுதியில், மாஸ்கோவையும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரையும் இணைக்கும் எம்-11 நெடுஞ்சாலையில் மின்னேற்றிகள் சில திடீரெனப் பணி நிறுத்தி, உக்ரைனுக்கு ஆதரவான வாசகங்களைத் திரையில் காட்டின. உறுப்புகளைச் செய்து தந்த உக்ரைன் நிறுவனம் அவற்றுள் மறைவான வாயில் ஒன்றை விட்டுவைத்திருந்ததாக, அவற்றை நடத்திய ரஷ்ய நிறுவனம் குற்றஞ்சாட்டியது. அதே ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தின் வைட் தீவில், நகராட்சிக் கார் நிறுத்துமிடங்களில் இருந்த மின்னேற்றிகளின் திரைகளில் ஆபாச இணையதளம் தோன்றியது. பிள்ளைகளோடு வந்த பெற்றோர் அத்திரையைக் கண்டிருந்தால்! நகராட்சி வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

இவற்றிலும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. வீட்டு மின்னேற்றி ஒன்று ஏறத்தாழ 7 கிலோவாட் மின்சாரம் இழுக்கிறது என்று கொள்வோம். பத்தாயிரம் மின்னேற்றிகள் ஒரே நொடியில் விழித்துக்கொண்டால் 70 மெகாவாட் சுமை மின்கட்டமைப்பின் தலையில் இறங்கும். தீயவன் ஒருவன் நிலையத்துக் கணினியைக் கைப்பற்றித்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. "இரவு பத்து மணிக்குக் கட்டணம் குறைவு" என்று எல்லா வீட்டாரும் ஒரே நேரத்தைக் குறித்து வைத்தாலே போதும்!

இதற்குப் பிரிட்டன் கண்ட வழி எளியது. அங்கே 2022 ஜூன் 30 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, விற்கப்படும் வீட்டு மின்னேற்றி ஒவ்வொன்றும், கட்டளை கிடைத்தவுடன் பாயாமல், பத்து நிமிடங்களுக்குள் தனக்கென ஒரு தாமதத்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்துகொள்ள வேண்டும். அவசரமானால் உரிமையாளர் அதனைத் தவிர்க்கலாம். பேருந்தில் ஒருவர்பின் ஒருவராக ஏறுவது போன்றதே இது. இணையத் தொடர்பு அறுந்தாலும் மின்னேற்றி காருக்கு மின்சாரம் ஏற்ற வேண்டும். மின்சாரம் விற்கும் நிறுவனத்தை மாற்றினாலும் அதன் திறன் குன்றக் கூடாது என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் கூடாது முதலான பாதுகாப்பு விதிகள் அவ்வாண்டு டிசம்பர் 30 முதல் சேர்ந்துகொண்டன.

நம் ஊர்களிலும் மின்சார வாகனங்கள் பெருகி வருகின்றன. வீட்டுக்கு மின்னேற்றி வாங்குவோரும், கடை வாசலில் ஒன்றை நிறுவ எண்ணும் வணிகரும், விலையை மட்டும் கேட்டுத் திரும்பிவிடலாகாது. "இது ஓ.சி.பி.பி. மொழி பேசுமா? எந்தப் பதிப்பு? உங்கள் நிறுவனம் நாளை இல்லாமற் போனால் வேறொருவர் கணினியுடன் இணைக்க வழி உண்டா? இணையம் இல்லாத வேளையில் இயங்குமா? மென்பொருள் திருத்தங்களை எத்தனை ஆண்டுகள் அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். விடைகளை எழுத்தில் பெறுங்கள். கருவியுடன் வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

பொது நிலையங்களில் பணம் செலுத்துவோர்க்கு ஒரு சொல். மின்னேற்றியின் மீது ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். குறியீட்டைக் கண்டவுடன் கைப்பேசியை நீட்ட வேண்டாம். மெய்யான குறியீட்டின் மேல் பொய்யான தாளை ஒட்டிப் பணம் பறிக்கும் கூட்டம் பிரிட்டனில் தன் கைவரிசையைக் காட்டியிருக்கிறது. நிறுவனத்தின் செயலியைத் திறந்து, அதன் வழியே செலுத்துவதே நலம்.

நல்ல மின்னேற்றிக்கு அடையாளங்கள் மூன்று. பிறருக்கும் புரியும் மொழியில் பேசத் தெரிய வேண்டும். அந்நியர் குரலுக்கு ஏமாறாதிருக்கத் தெரிய வேண்டும். பேச்சு அறுந்த வேளையிலும் தன் கடமையைச் செய்யத் தெரிய வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், நள்ளிரவில் குடும்பத்தோடு பயணம் புறப்பட்டவர் நடுவழியில் நிற்க நேரிடும். வாங்கிய பின் வருந்துவதைவிட, வாங்கும் முன் வினவுவது சாலச் சிறந்ததன்றோ?